இப்பாடலில் பயின்றுவரும் அடி

"ஞாபகம் இல்லைன்னு எத்தனை தடவை சொல்றது..."

"ஞாபகம் இல்லாத பேரு ஆயிரம் தடவை எப்படிங்க வாயில வரும்?"

"ஆயிரம்னு எழுதினது சகலை. நான் எங்க..."

"சகலைக்கு யார் சொன்னது? காத்து போய்ச் சொல்லிச்சா?"

"அன்னிக்கு ஏதோ பேச்சுவாக்குல..."

"அந்தப் பேச்சுவாக்கு எங்கிட்ட ஏன் வரல? உங்களைக் கட்டினது நானா, அவரா? என் புருஷனை என்ன பண்ணினாங்கன்னு பத்தாம் வகுப்புப் புத்தகத்தைப் பாத்து நான் தெரிஞ்சுக்கணும். அதுவும் பக்கத்து வீட்டுப் பொண்ணு மனப்பாடம் பண்றப்ப, சுவர் வழியா."

"சாவி, கொஞ்சம் மெதுவா பேசேன்."

"சாவி கீவியெல்லாம் அப்புறம். யாருங்க அந்த 'அவள்'?"

பூட்டுக்காரர் அப்போதுதான் குளித்துவிட்டு வந்திருந்தார். துவாலையை இழுத்து முதுகை மூடிக்கொண்டார். ஒரு வருஷமாக அவர் மனைவிக்கு முதுகு காட்டாமல்தான் சட்டை மாற்றுகிறார். மருந்து தடவும்போது மட்டும் விதிவிலக்கு. அப்போதும் அறையில் விளக்கு எரியக் கூடாது.

அவளைச் 'சாவி' என்று கூப்பிடுவது அவர் ஒருவர்தான். அதுவும் வீட்டுக் கதவுக்கு உட்பக்கம் மட்டும். மருந்துக் கடையில் பில் போடும் பெண்ணாக இருந்தபோது, தொலைந்துபோன அலமாரிச் சாவிக்கு மாற்றுச் சாவி செய்ய அவருடைய கடைக்கு வந்தாள். மறுபடி தொலைத்துவிட்டு வந்தாள். மறுபடியும் வந்தாள். நான்காம் முறை வந்தபோது அவள் எதையும் தொலைத்திருக்கவில்லை என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து அந்தப் பெயர். அவளுடைய அக்காவுக்குக்கூடத் தெரியாது.

போன வருஷம் ஒரு பெரிய வீட்டில் இரும்புப் பெட்டகம் உடையாமல் திறந்துகொண்டது. உடையாமல் திறந்தால் சாவி. சாவி என்றால் பூட்டுக்காரர். பக்கத்தில் இருந்த பூட்டுக்காரர் இவர். காவல் நிலையத்துக்குக் கூட்டிப்போனார்கள். "யாருக்குச் சாவி செஞ்சு குடுத்த? பேரைச் சொல்லு" என்று கேட்டார்கள். மறுநாள், பெட்டகத்தைத் திறந்தது அந்த வீட்டுப் பிள்ளையேதான், அப்பாவின் தலையணைக்கடியில் இருந்த அசல் சாவியால்தான் என்று தெரிந்தது. பிள்ளையை வீட்டுக்கு அனுப்பினார்கள். இவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டு பேருக்கும் ஒரே நீதி. ஆனால் இவருடைய கடைக்குப் போட்ட பூட்டை மட்டும் எடுக்கவில்லை. அடித்தது தப்பு என்று இவர் கொடுத்த புகார் நிலுவையில் இருக்கும்வரை எடுக்க முடியாது என்றார்கள். அது மட்டமான பூட்டு. ஒரு கொண்டை ஊசி போதும், மூச்சு விடும் நேரத்தில் திறந்துவிடுவார். தினமும் அதைப் பார்த்துக்கொண்டு, திறக்காமல் திரும்பி வருவதுதான் அவர் செய்துகொண்டிருந்த வேலைகளிலேயே கஷ்டமான வேலை.

மனைவியிடம், "ரெண்டு தட்டு தட்டினாங்க" என்றார். சகலையிடம் மட்டும் எல்லாவற்றையும் சொன்னார். சகலை, அதாவது மனைவியின் அக்கா புருஷன், குடிநீர் வரி அலுவலகத்தில் எழுத்தர். பகலில் வரி கேட்டு எழுதுவார், மற்ற நேரத்தில் வரி வரியாக எழுதுவார். கேட்டு முடித்ததும், "சகலை, இது உங்களோட வலி இல்ல, காலத்தோட வலி" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். போனவர் காலத்தின் வலியைத் தன் பெயரில் எழுதிவிட்டார்.

*அடிமேல் அடிவைத்து வந்தது இரவு,*
*தடியோடு கொண்டது தசையோடு உறவு.*
*சடசட எனப்பெய்த மழையிலே நனைந்தேன்,*
*சாய்ந்தேன், எழுந்தேன், சிரித்தபடி நின்றேன்.*
*கேட்டார்கள் பெயரொன்று, கேட்டபடி சொன்னேன்,*
*அவள்பெயரைச் சொன்னேன், ஆயிரம்முறை சொன்னேன்.*

கவிதைக்குப் பரிசு வந்தது. பரிசுக்குப் பின்னால் பாடநூல் வாரியம் வந்தது. பத்தாம் வகுப்பில் வைத்தார்கள். மேலே கவிஞரின் படம், கீழே ஆசிரியர் குறிப்பு: 'தாம் பட்ட அடிகளையே அடிகளாக யாத்தவர்.' அதற்கும் கீழே அருஞ்சொற்பொருள்: 'அவள் – விடுதலை.'

அக்கா அந்த அருஞ்சொற்பொருளை ஏற்கவில்லை. "கவிதைல 'நான்'னா யாரு? எழுதினவரு. அப்ப 'அவள்'னா யாரு? எழுதினவரோட சம்சாரம். இதுக்கு எதுக்கு அகராதி?" என்று தங்கையிடம் போனில் சொன்னாள். பள்ளிகளில் சகலையைப் பேசக் கூப்பிடும்போதெல்லாம் அக்காவும் போய் முன்வரிசையில் உட்கார்ந்தாள். கடைசி வரி வரும்போது தலையைக் குனிந்துகொள்வாள். பிள்ளைகள் கைதட்டும். "அத்தனை அடியிலயும் என் பேருதான் வந்திருக்கு பாரு" என்பாள். அவள் புருஷன் காவல் நிலையத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை என்பது அக்காவுக்கும் தெரியும், தங்கைக்கும் தெரியும். இருந்தாலும் புத்தகத்தில் இருக்கிறதே.

தங்கைக்கு அக்கா மீது சின்ன வயசிலிருந்தே பொறாமை உண்டு. அக்காவுக்கு நீளமான முடி, அக்காவுக்கு ஜன்னலோரப் படுக்கை, அக்காவுக்குக் கவிதை எழுதுகிற புருஷன். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டாள். தன் புருஷன் வாங்கிய அடியும் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை.

இந்த நேரத்தில்தான் புகார்ப் பிரிவிலிருந்து கூப்பிட்டார்கள். பூட்டுக்காரர் போனார். துணைக்கு மனைவியும் போனாள். விசாரணை அதிகாரி பெரிய கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அன்பாகப் பேசினார்.

"உங்க புகாரை முடிச்சு வெச்சாச்சு."

"கடையைத் திறந்துக்கலாமுங்களா?"

"அது எப்படி? உங்க புகார் பொய்யின்னு முடிச்சிருக்கேன்."

பூட்டுக்காரருக்கு விளங்கவில்லை. அதிகாரி மேசை இழுப்பறையிலிருந்து பத்தாம் வகுப்பு வினா-விடைப் புத்தகத்தை எடுத்தார்.

"வாரியமே வெளியிட்டது. பாருங்க. 'இப்பாடலில் பயின்றுவரும் அணி யாது?' விடை, 'உயர்வு நவிற்சி அணி'. அப்படின்னா என்ன? ஒன்றை உள்ளபடி கூறாமல் மிகைப்படுத்திக் கூறுவது. ஒரு மதிப்பெண். இந்த சம்பவம் மிகைன்னு வாரியம் அச்சடிச்சுப் பிள்ளைங்களுக்கு மார்க் போடுது. அதே சம்பவத்தை நான் உண்மைன்னு எழுதினா, என் பையன் பரீட்சைல என்ன எழுதுவான்? அவனும் பத்தாவதுதான்."

"அது சகலை எழுதினது சார். என் முதுகு அப்படியேதான் இருக்கு. வேணும்னா..."

"சட்டையைக் கழட்டாதீங்க. இது ஆபீஸ்." குரலைத் தாழ்த்தினார். "உங்க மேல எனக்கு ஒண்ணும் இல்ல. இயல்பு நவிற்சின்னு இன்னொரு அணி இருக்கு. உள்ளதை உள்ளபடி சொல்றது. உயர்வை எடுத்துட்டு இயல்பைப் போட்டு வாரியத்துல வாங்கிட்டு வாங்க. நாளைக்கே பூட்டை எடுத்துடறேன்."

"வேற வழியே இல்லீங்களா?" என்றாள் மனைவி.

"இருக்கு. சாட்சி. அடிச்சதைக் கண்ணால பாத்தவர் வேணும். இல்லைன்னா, 'நான்தான் அடிச்சேன்'னு அடிச்சவரே சொல்லிக் காதால கேட்டவர். சொந்தக்காரரா இருந்தாலும் பரவாயில்ல. மனைவி மட்டும் செல்லாது."

"ஏன்?"

"மனைவிக்குப் புருஷன் மேல அக்கறை இருக்கும்னு சட்டம் நினைக்குதும்மா."

வாரியத்தின் விசாரணைச் சாளரத்தில் இருந்த பெண் ஊழியர் பூட்டுக்காரரை ஏற இறங்கப் பார்த்தார்.

"விடையை மாத்தணும்னா மேல்முறையீடு செய்யணும். மேல்முறையீடு செய்யணும்னா மார்க் குறைஞ்சிருக்கணும். மார்க் குறையணும்னா பரீட்சை எழுதியிருக்கணும். நீங்க எழுதியிருக்கீங்களா?"

"இல்லைங்க."

"அப்ப உங்களுக்கு என்ன பாதிப்பு?"

"அடி வாங்கினேங்க."

"மார்க் வாங்கினீங்களா?"

ஆகவே பூட்டுக்காரர் தனித்தேர்வராகச் சேர்ந்தார். நாற்பத்தெட்டு வயதில் வீட்டுத் தரையில் உட்கார்ந்து நயம் பாராட்டப் படித்தார். மனைவி புத்தகத்தை வைத்துக்கொண்டு கேள்வி கேட்டாள். மருந்துக் கடையிலிருந்து வந்ததும் கைப்பையைக்கூட வைக்காமல் ஆரம்பித்துவிடுவாள்.

"மோனை சொல்லுங்க."

"சடசட, சாய்ந்தேன்."

"எதுகை?"

"அடிமேல், தடியோடு."

"'அவள்' யாரு?"

"விடுதலை."

"விடுதலைன்னு ஒருத்தி எந்தத் தெருவுல இருக்கா?"

"புத்தகத்துல அப்படித்தானே போட்டிருக்கு."

"புத்தகத்துல போட்டிருக்கறதை எங்கிட்ட சொல்லாதீங்க. பூட்டு ரிப்பேருக்கு வர்றவளா? பூட்டு இல்லாமலே வர்றவளா?"

"அப்படி வந்தது நீ ஒருத்திதான்."

"பேச்சை மாத்தாதீங்க. உவமை சொல்லுங்க."

தேர்வறையில் அவருக்குக் கிடைத்த பெஞ்சு சின்னது. முழங்கால் இடித்தது. இடது காலை மடக்க முடியாததால் நடைபாதையில் நீட்டிக்கொண்டார். கண்காணிப்பாளர் இரண்டு முறை அதில் தடுக்கி விழப்பார்த்து, மூன்றாம் முறை தாண்டிப் போனார். வினாத்தாளில் அந்தக் கவிதைதான் வந்திருந்தது. பூட்டுக்காரர் படித்ததையெல்லாம் மறந்துவிட்டார். தெரிந்ததை எழுதினார்.

'இப்பாடல் எத்தனை அடிகளைக் கொண்டது?' என்று இருந்தது. 'பதினான்கு வரை எண்ணினேன். பிறகு எண்ணவில்லை' என்று எழுதினார். 'பயின்றுவரும் தொடைகளைச் சுட்டுக' என்று இருந்தது. 'இடது தொடை' என்று எழுதினார். 'தளை யாது?' என்பதற்கு, 'விலங்கு தீர்ந்துவிட்டது என்று கயிற்றால் கட்டினார்கள்' என்று எழுதினார். அணி கேட்டிருந்த இடத்தில் மட்டும் அடிக்கோடிட்டு, 'இயல்பு நவிற்சி' என்று எழுதினார். 'அவள் யார்?' என்ற கேள்வியை அவர் தொடவில்லை.

முடிவு வந்தது. பூஜ்யம். 'கவிதையை விட்டு விலகிச் சொந்தக் கதை எழுதியுள்ளார்' என்று திருத்தியவர் குறித்திருந்தார். மறுகூட்டலுக்கு விண்ணப்பித்தார். பூஜ்யங்களை மறுபடி கவனமாகக் கூட்டிப் பார்த்து, பூஜ்யம்தான் என்று உறுதி செய்தார்கள். அதற்குப் பிறகுதான் மேல்முறையீட்டுக் குழு கூடியது. கவிதையின் ஆசிரியர் என்ற முறையில் சகலையையும் அழைத்திருந்தார்கள்.

குழு கூடும் அறையில் நீள்வட்ட மேசை. தலைவர் நடுவில். அவருடைய இடது பக்கம் யாப்புப் பேராசிரியர், வலது பக்கம் அணிப் பேராசிரியர். வலது பக்கம் யாருக்கு என்பதில் போன கூட்டம் முழுக்கப் போயிருந்தது. மேசையின் கோடியில் பொருள் வல்லுநர். கவிதை காவல் துறையைப் பற்றியது என்பதால் சமீபத்தில் ஓய்வுபெற்ற இன்ஸ்பெக்டர் ஒருவரை அந்தப் பதவியில் வைத்திருந்தார்கள். அவரும் எழுதுபவர். வருஷா வருஷம் 'காக்கிக்குள் ஒரு குயில்' என்ற கவிதையை வாரியத்துக்கு அனுப்புவார். வருஷா வருஷம் அது அதே உறையில் திரும்பி வரும்.

அவர் உள்ளே வந்ததும் பூட்டுக்காரர் எழுந்து நின்றார். எழுந்தது அவரல்ல, முழங்கால். மனைவி அவர் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"நயம் பாராட்டக் கூடியிருக்கிறோம்" என்று தலைவர் தொடங்கினார். "கவிதையைப் பாராட்டினால் போதும். உறுப்பினர்கள் ஒருவரையொருவர் பாராட்ட வேண்டியதில்லை."

"அந்த அபாயம் இங்க என்னிக்குமே இருந்ததில்லை" என்றார் யாப்புப் பேராசிரியர்.

"முதலில் அணி" என்றார் தலைவர்.

"அது ஏன் எப்பவும் முதல்ல அணி? யாப்பு உடம்பு. உடம்பு இல்லாம நகையை எங்க மாட்டுவீங்க?"

"நகை போடாத உடம்பை யார் திரும்பிப் பாக்கறாங்க?" என்றார் அணிப் பேராசிரியர், தன் எதிரியின் உடம்பைத் திரும்பிப் பார்த்தபடி. "ஒரு மனுஷனை இத்தனை அடிக்கிறாங்க. அவன் சிரிச்சுக்கிட்டு நிக்கறான். ஆயிரம் தடவை ஒருத்தி பேரைச் சொல்றான். இது மிகை இல்லாம என்ன? என் ஆய்வேடே இதுதான். 'வலியின் மிகைத்தன்மை.' வலிக்கிறவன் எப்பவும் மிகைப்படுத்துவான்."

"நான் சிரிக்கலீங்க" என்றார் பூட்டுக்காரர்.

"நீங்க ஏன் சிரிக்கணும்? கவிஞர்தானே சிரிச்சார்" என்று தலைவர் சகலையைக் காட்டினார்.

சகலை எழுந்தார். இந்த ஒரு வருஷத்தில் அவருக்கு எழுந்திருக்கும் பாணியே மாறிவிட்டிருந்தது. "கவிஞனுக்குத் தனி முதுகு கிடையாது. ஊரார் முதுகெல்லாம் என் முதுகு" என்றார்.

"மருந்தை மட்டும் இந்த முதுகுக்குத்தான் தடவினேன் அத்தான்" என்றாள் பூட்டுக்காரரின் மனைவி.

"பார்வையாளர்கள் பேசக் கூடாது" என்றார் தலைவர். "பொருள் வல்லுநர் கருத்து?"

பொருள் வல்லுநர் இதற்காகத்தான் காத்திருந்தார். கவிதைப் பக்கத்தை எடுத்தார். சிவப்பு மையில் அவர் சுழித்திருந்தது தூரத்திலிருந்தே தெரிந்தது.

"இந்தக் கவிதையை எல்லாரும் தலையில தூக்கி வெச்சு ஆடறீங்க. நானும் பாத்துக்கிட்டே இருக்கேன். வரிக்கு வரி தப்பு. முதல்ல இந்த 'சடசட'."

"இரட்டைக் கிளவி. அருமையான இடம்" என்றார் அணிப் பேராசிரியர்.

"கிளவி கிழவியெல்லாம் இருக்கட்டும் சார், சத்தம் தப்பு. தகரக் கூரைல மழை பெஞ்சா சடசட. தொடைல லத்தி விழுந்தா 'பொத்'துன்னு வரும். 'சட்'டுன்னு வந்தா எலும்பு. அப்பக் கையை நிறுத்திடணும், இல்லைன்னா ஆஸ்பத்திரி, ரிப்போர்ட்டுன்னு அலையணும். முப்பது வருஷம் கேட்ட காது இது. ஒரு கவிஞனுக்குக் காது முக்கியம் இல்லையா?"

"'பொத்பொத்'னு போட்டா தளை தட்டும்" என்றார் யாப்புப் பேராசிரியர் கவலையோடு.

"ரெண்டாவது, 'சாய்ந்தேன், எழுந்தேன்'. எங்க எழுந்தான்? நாங்கதான் தூக்கி உக்கார வெச்சோம். மூணாவது, 'சிரித்தபடி நின்றேன்'. சிரிச்சது நாங்க."

"நீங்கள் ஏன் சிரித்தீர்கள்?" என்று தலைவர், நயம் அறியும் ஆவலில், கேட்டார்.

"சிரிக்காம? பேரைச் சொல்லுடான்னா, 'சாவி, சாவி'ங்கறான். சாவின்னா யாருக்கு செஞ்ச சாவி? மறுபடி சாவி. ஒவ்வொரு அடிக்கும் சாவி. சரி, இது திமிருன்னு இன்னும் நாலு போட்டேன். அதுக்கும் சாவி. அப்புறம் பேச்சு மூச்சு இல்ல. அவ்வளவுதான் நடந்தது. இதுல 'அவள்பெயர்' எங்க வந்துச்சு? ஒரு பொம்பளை பேரும் அவன் வாயில வரல. இல்லாத பொம்பளையை இந்த ஆளு கொண்டாந்து விட்டிருக்கான். நீங்க அவளுக்கு விடுதலைன்னு அடிக்குறிப்பு போடறீங்க. ஊரே கைதட்டுது." பக்கத்தை மேசைமேல் போட்டார். "அடி என்னோடது சார். ஒரு அடிக்குறிப்புலகூட என் பேரு இல்ல."

பூட்டுக்காரரின் மனைவி முழங்கையைப் பிடித்திருந்த கையை எடுத்தாள். எடுத்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் மறுபடியும் அங்கேயே வைத்தாள். பூட்டுக்காரர் மேசையின் இழுப்பறைப் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்" என்று பொருள் வல்லுநர் சகலையின் பக்கம் கையை நீட்டினார். "இந்த ஆளை நான் தொட்டதே இல்ல. நான் போட்டது இதோ இவனை. எங்கிட்ட வாங்கினவன்னு சொல்லிக்கிட்டு யாரோ மேடையேறிட்டான். நான் யாரைப் போட்டேன்னுகூட எனக்குத் தெரியாதா?"

தலைவர் பேனா மூடியைக் கழற்றினார், மூடினார்.

"ஆக," என்றார், "பொருள் வல்லுநரின் விளக்கத்திலிருந்து தெரிவது என்னவென்றால், கவிதை நடந்ததைவிடக் கூடுதலாக எதையும் சொல்லவில்லை. சொல்லப்போனால் குறைவாகச் சொல்லியிருக்கிறது."

"அப்ப உயர்வு இல்லீங்களே" என்றார் பூட்டுக்காரர். "இயல்புன்னு போட்டுடலாமுங்களா?"

"எப்படிப் போட முடியும்? எழுந்தேன் என்று இருக்கிறது, நீங்கள் எழவில்லை. சிரித்தேன் என்று இருக்கிறது, நீங்கள் சிரிக்கவில்லை. இயல்பு எங்கே இருக்கிறது?"

"அப்ப நடந்ததை நடந்தபடி மாத்தி எழுதச் சொல்லுங்க."

தலைவர் புன்னகைத்தார். விவரம் தெரியாதவர்களிடம் அவர் எப்போதும் அன்பாகவே இருப்பார். "நடந்ததை நடந்தபடி எழுதினால் அது கவிதை இல்லை. புகார். அதற்குத் தனிப் பிரிவே இருக்கிறது, பார்த்தீர்களா?"

"பாத்தேங்க. அவங்கதான் இங்க அனுப்பினாங்க."

"அப்படியானால் சரியான வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள்."

புத்தகம் ஏற்கெனவே அச்சாகிவிட்டதால் உயர்வு நவிற்சியே நீடிக்கும் என்று முடிவானது. ஒலிநயம் குறித்து ஆழமான கருத்துகளைப் பகிர்ந்துகொண்ட பொருள் வல்லுநருக்கு நன்றி தெரிவிக்கப்பட்டது. 'காக்கிக்குள் ஒரு குயில்' அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பில் சேர்க்கப்படும் என்று தலைவர் அறிவித்தார். யாப்புப் பேராசிரியரும் அணிப் பேராசிரியரும் முதல்முறையாகச் சேர்ந்து கைதட்டினார்கள், மற்றவர் எவ்வளவு தட்டுகிறார் என்று பார்த்துக்கொண்டே. பொருள் வல்லுநர் கண்ணைத் துடைத்தார்.

கூட்டம் கலையும்போது பூட்டுக்காரரின் மனைவி கதவருகே நின்றுகொண்டாள்.

"ஐயா, நீங்க எல்லாரும் கேட்டீங்க. அடிச்சேன்னு அவரே சொன்னார். புகார்ப் பிரிவுல வந்து அதை ஒரு வார்த்தை சொன்னா இவர் கடையைத் திறந்து விட்டுடுவாங்க."

"நாங்கள் கேட்டது இரட்டைக் கிளவி பற்றிய கருத்தை அம்மா" என்றார் தலைவர்.

"நான் அப்ப அசை பிரிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார் யாப்புப் பேராசிரியர்.

"அவர் ரொம்ப வெளிப்படையா சொல்லிட்டார். வெளிப்படையா சொன்னதுல எனக்குப் பயிற்சி இல்ல" என்றார் அணிப் பேராசிரியர்.

அவள் சகலையைத் தேடினாள். அவருடைய நாற்காலி காலியாக இருந்தது. கைதட்டல் நடந்துகொண்டிருந்தபோதே எழுந்து போயிருந்தார்.

இருவரும் படியிறங்கினார்கள். அவருடைய இடது காலுக்காக அவள் ஒவ்வொரு படியிலும் நின்றாள். பாதி இறங்கியதும் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து அவர் மூச்சு வாங்கினார்.

"அந்தப் பேரால நாலு அடி கூடவா வாங்கினீங்க?"

"வேற எதுவும் வாயில வரல."

"ஞாபகம் இல்லைன்னீங்க."

"சொன்னா, இனிமே அப்படிக் கூப்பிடாதீங்கன்னு சொல்லிடுவ."

அவள் அதை மறுக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து அவர் நெற்றியைத் துடைத்தாள். தேவைக்கு மேல் அழுத்தித் துடைத்தாள்.

"அப்ப அத்தான்கிட்ட மட்டும் எதுக்குச் சொன்னீங்க?"

"பேரைச் சொன்னேன்னுதான் சொன்னேன். எந்தப் பேருன்னு சொல்லல. அவருக்குக்கூடத் தெரியாது."

"இப்பத் தெரிஞ்சுபோச்சே, நாலு பேருக்கு. அந்த மீசைக்கார இன்ஸ்பெக்டர் வாயில அந்தப் பேரு எத்தனை தடவை வந்துச்சு, பாத்தீங்களா? எனக்கு அதுதான் ஆறவே மாட்டேங்குது."

"அவன் பூட்டுச் சாவின்னு நினைச்சுக்கிட்டுத்தான் சொன்னான்."

"எப்படி நினைச்சா என்ன, அவன் யாரு அதைச் சொல்ல?"

அவளுடைய போன் அடித்தது. அக்கா. தங்கை ஒலிபெருக்கிப் பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டாள், அவருக்கும் கேட்கட்டும் என்று.

"என்னடி, உங்க வழக்கு தோத்துப்போச்சாமே. உங்க அத்தான் இப்பதான் போன்ல சொன்னாரு. தலைவலின்னு நேரா வீட்டுக்கு வர்றாராம். பாவம், அவருக்கு ஒண்ணுன்னா தாங்காது. விடு, அழாதே. அடுத்த வாரம் அவருக்கு விருது குடுக்கறாங்க, நீயும் உங்க வீட்டுக்காரரும் வாங்க. முன்வரிசை எனக்குக் குடுத்திருக்காங்க, உனக்கு ரெண்டாவது வரிசைல சொல்லி வெக்கறேன். கடைசி வரி படிக்கறப்ப என்னை எழுந்து நிக்கச் சொல்றாங்கடி, எனக்கு ஒரே கூச்சமா இருக்கு. பச்சைல நிக்கட்டுமா, நீலத்துல நிக்கட்டுமா?"

"அக்கா."

"சொல்லு."

"அத்தான் உங்கிட்ட வேற ஒண்ணும் சொல்லலையா?"

"வேற என்ன? கூட்டத்துல யாரோ போலீஸ்காரர் ஏதோ உளறினாராம். ஏன்?"

பூட்டுக்காரர் வேண்டாம் என்று கையை ஆட்டினார். அவள் அந்தக் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, போனை வாயருகே கொண்டுபோனாள்.

"அக்கா, அந்தப் பேரு உன் பேரு இல்ல, எந்தப் பேருன்னு உனக்கு நான் சொல்லவும் போறதில்ல. அடிச்சவன் தன் வாயாலயே சொன்னதை அத்தான் பக்கத்துல உக்காந்து கேட்டாரு. ஊருக்கே வரி எழுதறவரு, நாளைக்குக் காலைல புகார்ப் பிரிவுக்கு வந்து, 'அது என் முதுகு இல்ல, என் சகலை முதுகு'ன்னு ஒரே ஒரு வரி சொல்லட்டும். அவரை அனுப்பி வெப்பியா அக்கா?"